சிற்பக் கடிகாரம் மக்கர் செய்தால் எங்கே பார்ப்பது

மணிக்கொரு முறை பொம்மைகள் ஆடுகிற பெரிய சிற்பக் கடிகாரத்துக்குள் இரண்டு இயந்திரங்கள் இருக்கின்றன. ஒன்று நேரம் காட்டும், மற்றொன்று கூத்து ஆடும். இரண்டும் சந்திப்பது ஒரே ஒரு சின்ன இடத்தில்தான்: மணி ஆனதும் "சரி, ஆரம்பி" என்று சொல்கிற ஒரு நெம்புகோல், அல்லது ஒரு ஸ்விட்ச். பழுது எந்தப் பக்கம் என்று தெரியாமல் ஸ்பானரை எடுத்தால் நன்றாக ஓடிக்கொண்டிருந்த பக்கமும் கெட்டுப்போகும். அதனால் எந்த அறிகுறியாக இருந்தாலும் முதல் கேள்வி இதுதான்: தவறுவது நேரமா, ஆட்டமா?

இந்தப் பிரிவு உலகத்தின் பெரிய கடிகாரங்களிலும் உண்டு. எடின்பரோவில் ஸ்காட்லாந்து தேசிய அருங்காட்சியகத்தில் 2000-ஆம் ஆண்டின் முதல் நாள் திறந்துவைத்த மில்லேனியம் கடிகாரக் கோபுரம் 10 மீட்டருக்கும் மேல் உயரம். அதன் பொம்மைகள் எடுவர்ட் பெர்சுட்ஸ்கியின் கைவேலை, மரவேலை டிம் ஸ்டெட், கண்ணாடி அனிகா சாண்ட்ஸ்ட்ரோம், கடிகாரப் பொறி யூர்கன் ட்யூபெக்கே. பொம்மை செய்தவர் ஒருவர், கடிகாரம் செய்தவர் வேறொருவர். பிராகாவின் பழைய கடிகாரமும் அப்படித்தான், கடிகாரம் 1410-இல் வந்தது, ஊர்வலமாக வரும் சீடர்கள் சில நூற்றாண்டுகள் கழித்துச் சேர்ந்தார்கள்.

நாங்கள் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் பார்த்துக்கொள்கிற கடிகாரம் அவ்வளவு பெரியதில்லை, ஆளுயரத்தைப் போல இரண்டு மடங்கு இருக்கும். அடித்தட்டில் கரும்பு வெட்டுபவர்கள். நடுத்தட்டில் ட்ரூரோ கப்பல், 1860 அக்டோபரில் சென்னையிலிருந்து புறப்பட்டு நவம்பர் 16 அன்று எங்கள் முன்னோர்களை இந்தக் கரையில் இறக்கிய கப்பல், அலைமேல் ஆடும். மேல்தட்டில் காவடி எடுப்பவர் சுழல்வார், உச்சியில் மயில் தோகை விரிக்கும். எங்கள் பிள்ளைகளில் பலருக்குத் தமிழ் பேச வராது, ஆனால் அந்தக் காவடி சுழலும்போது எல்லோரும் அண்ணாந்து நிற்கிறார்கள். அது ஒரு நாள் நின்றாலும் எனக்குப் பொறுக்காது. அதனால்தான் இதை எழுதுகிறேன், அருங்காட்சியகம், கோவில் மண்டபம், பள்ளி என்று எங்கே இப்படி ஒரு கடிகாரம் இருந்தாலும் பார்த்துக்கொள்பவருக்குப் பயன்படட்டும்.

கை வைப்பதற்கு முன்

மின்சாரத்தை அணைத்துவிட்டு, வேறு யாரும் போட முடியாதபடி ஸ்விட்சுக்குப் பூட்டுப் போடுங்கள். சீட்டு ஒட்டினால் போதாது. எடைக்கல்லில் ஓடும் கடிகாரம் என்றால் கல்லைத் தரையில் இறக்கிவிடுங்கள்; ஸ்பிரிங்கில் ஓடுவது என்றால், முறுக்கை இறக்கத் தெரிந்தவர் வரும்வரை அந்தப் பக்கம் போகவே வேண்டாம், முறுக்கிய ஸ்பிரிங் விரலைக் கொண்டுபோய்விடும். மணியடிக்கும் கடிகாரத்தில் முள்ளைப் பின்னோக்கித் திருப்பாதீர்கள்.

இன்னொன்று, கடிகாரம் நன்றாக ஓடும்போதே முழு ஆட்டத்தையும் சத்தத்தோடு போனில் வீடியோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், முன்பக்கம் ஒன்று, பின்கதவைத் திறந்துவைத்து ஒன்று. பழுது வந்தபின் "முன்பு எப்படி இருந்தது" என்று நினைவிலிருந்து தேடினால் ஆளுக்கொரு பதில் வரும்.

முள் நகர்கிறது, பொம்மை அசையவில்லை

இதுதான் அடிக்கடி வரும். நேரப்பக்கம் நலமாக இருக்கிறது என்பது முள்ளிலேயே தெரிந்துவிட்டது. இனி கையால் தொடங்கிப் பாருங்கள், பெரும்பாலான கடிகாரங்களில் ஒரு சோதனை பொத்தானோ தூக்கிவிடும் நெம்போ பின்பக்கம் இருக்கும். கையால் தொடங்கினால் ஆடுகிறது என்றால் பழுது அந்தச் சந்திப்பு இடத்தில் மட்டும்தான்: நெம்பு வளைந்திருக்கும், ஸ்விட்சின் நாக்கு தேய்ந்திருக்கும், அல்லது மணிச்சக்கரத்தில் இருக்கும் முளை தளர்ந்து ஸ்விட்சைத் தொடாமல் போய்க்கொண்டிருக்கும். இதைச் சரிசெய்ய ஒரு ஸ்க்ரூடிரைவர் போதும்.

கையால் தொடங்கினாலும் ஆடவில்லை என்றால் காதைக் கொடுங்கள். எந்தச் சத்தமும் இல்லையா? ஃபியூஸ், பின்கதவு ஸ்விட்ச், மோட்டார் சூடேறினால் தானாக அணைந்துகொள்ளும் ஸ்விட்ச், இந்த வரிசையில் பாருங்கள். கதவு ஸ்விட்சைப் பலர் மறந்துவிடுகிறார்கள். எங்கள் இடத்தில் துப்புரவு பார்க்கும் அக்கா ஒருமுறை, "அண்ணா, காவடிக்காரர் இன்னைக்கு எழுந்திரிக்கவே இல்லை" என்று சொல்ல, போய்ப் பார்த்தால் பின்கதவு ஒரு விரல் அளவு திறந்திருந்தது. கதவு திறந்திருந்தால் ஓடக்கூடாது என்று பாதுகாப்புக்காக வைத்த ஸ்விட்ச் தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறது. அந்த ஸ்விட்சைக் கம்பி போட்டு ஏமாற்றிவிடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள்.

"டிக்" என்று, மோட்டாருக்கு மின்சாரம் விடும் மின்காந்த ஸ்விட்சான ரிலேயின் சத்தம் மட்டும் கேட்டு மோட்டார் ஓடவில்லை என்றால், ரிலேயின் தொடுமுனைகளைச் சந்தேகப்படுங்கள். கடற்கரை ஊரில் உப்புக்காற்று எல்லாத் தொடுமுனைகளையும் மெல்ல அரிக்கிறது. திறந்த ரிலேயை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து ஓட்டுவது ஒரு வாரத்துக்குத்தான் தாங்கும், மூடிய வகை ரிலேயாக மாற்றிவிடுங்கள், விலையும் அதிகமில்லை. மோட்டார் "ம்ம்ம்" என்று முனகுகிறது ஆனால் சுழலவில்லை என்றால் உடனே அணைத்துவிடுங்கள். எங்கோ சிக்கியிருக்கிறது. மோட்டாரையும் தண்டையும் இணைக்கும் கப்ளிங்கைக் கழற்றி மோட்டாரைத் தனியாக ஓட்டிப் பாருங்கள். தனியாகச் சுழன்றால் மோட்டார் நலம், அடுத்த பகுதிக்குப் போங்கள்.

ஆட்டம் பாதியில் நிற்கிறது

எந்த இடத்தில் நிற்கிறது என்பதை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். எப்போதும் ஒரே இடத்தில் நின்றால் அந்த இடத்தில்தான் ஏதோ உரசுகிறது. ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் நின்றால் சக்தி போதவில்லை: மோட்டார் களைத்திருக்கிறது, பெல்ட் வழுக்குகிறது, அல்லது கிரீஸ் கெட்டியாகிவிட்டது.

ஒரே இடத்தில் நிற்பதில் டர்பன்காரர்களுக்கு என்று ஒரு தனிக் காரணம் உண்டு, அது மரம். டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை இங்கே காற்றில் இருக்கும் ஈரத்தை மரம் குடித்துக் குடித்து ஊதும், நீளவாக்கில் கிட்டத்தட்ட மாறாது, ஆனால் இழைக்குக் குறுக்காக நன்றாகவே அகலமாகும், அதிலும் ஆண்டு வளையத்தை ஒட்டிய திசையில் வளையத்துக்குக் குறுக்குத் திசையைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. கப்பலின் அடிப்பலகை பள்ளத்தில் ஓடுகிறது என்றால் ஜூலையில் தாராளமாக ஓடியது ஜனவரியில் கவ்விக்கொள்ளும். இதைப் பார்த்ததும் உளியை எடுத்து இழைக்கத் தோன்றும். தயவுசெய்து வேண்டாம். ஈரமாசத்தில் இழைத்தால் குளிர்காலத்தில் மரம் சுருங்கி அந்த இடம் லொடலொடவென்று ஆடும், செதுக்கிய மரத்தைத் திரும்ப ஒட்ட முடியாது, அது ஒரு சிற்பியின் கைவேலை. ஒரு துண்டு காகிதத்தை இடுக்கில் நுழைத்துப் பாருங்கள், எந்த இடத்தில் பிடிக்கிறது என்று அதுவே காட்டும். அங்கே தாங்கும் இரும்புப் பட்டையின் ஸ்க்ரூவை ஒரு சுற்றுத் தளர்த்தினாலோ, அடியில் வைத்த மெல்லிய வாஷரை எடுத்தாலோ பெரும்பாலும் சரியாகிவிடும். ஓடும் மரப்பரப்பில் எண்ணெய் விடாதீர்கள். மெழுகு தேயுங்கள், அல்லது பென்சில் கரி.

மரம் இல்லை என்றால் துணி. காவடிக்காரரின் வேட்டியிலிருந்து ஒரு நூல் பிரிந்து தண்டில் சுற்றிக்கொண்டே போகும், வெளியே பார்த்தால் தெரியாது, ஒரு நாள் இறுகி நிற்கும். பொம்மைக்குத் துணி உடுத்தியிருந்தால் தைப்பவரை வைத்து ஓரங்களை மடித்துத் தைத்துவிடுங்கள். நூலை இழுத்து அறுக்காமல் சின்னக் கத்தரியால் வெட்டி எடுங்கள்.

பொம்மைகள் நாளுக்கு நாள் இடம் தள்ளி நிற்கின்றன

ஆட்டம் முடிந்ததும் மயில் பார்வையாளரைப் பார்த்து நிற்க வேண்டும், ஆனால் இன்று கொஞ்சம் இடப்பக்கம், நாளை இன்னும் கொஞ்சம். இரண்டே காரணம். ஒன்று, தண்டில் சக்கரத்தைப் பிடித்திருக்கும் தலையில்லா ஸ்க்ரூ தளர்ந்து சக்கரம் தண்டின்மேல் வழுக்குகிறது. சக்கரத்திலும் தண்டிலும் சேர்த்து ஒரே கோடாகப் பெயின்ட் அடித்துவிட்டு மறுநாள் பாருங்கள்: கோடு உடைந்து இரண்டாகியிருந்தால் திருடன் அகப்பட்டான். தண்டில் அந்த ஸ்க்ரூ உட்காரும் இடத்தைத் தட்டையாக அராவிவிட்டு, ஸ்க்ரூ தளராமல் பிடித்துக்கொள்ளும் பசை போட்டு இறுக்குங்கள்.

கோடு உடையவில்லை என்றால், அடி அடியாக எண்ணிச் சுழலும் ஸ்டெப்பர் மோட்டார் அடிகளை இழக்கிறது. கட்டுப்பாட்டுப் போர்டு "இருநூறு அடி போ" என்கிறது, இடையில் ஒரு உரசலால் மோட்டார் நூற்றுத் தொண்ணூற்றெட்டுதான் போகிறது, போர்டுக்கு அது தெரியாது. உரசலைக் கண்டுபிடிப்பது ஒரு பக்கம். அதோடு ஒவ்வொரு ஆட்டத்தின் தொடக்கத்திலும் பொம்மை தன் வீட்டு இடத்தைச் சென்சாரில் தொட்டுவிட்டுத் தொடங்கும்படி புரோகிராமை மாற்றச் சொல்லுங்கள். ஒளி சென்சாராக இருந்தால் அதன் கண்ணில் தூசி அடைந்திருக்கிறதா என்று முதலில் துடைத்துப் பாருங்கள்.

நேரம் முந்துகிறது, பிந்துகிறது

எவ்வளவு, எப்போது என்பதிலேயே விடை பாதி இருக்கிறது.

சரியாக ஒரு மணி நேரம் தாவினால் அது பழுதே இல்லை. தென்னாப்பிரிக்காவில் கோடைக்கால நேரமாற்றம் கிடையாது, ஆண்டு முழுக்க உலகப் பொது நேரத்துக்கு இரண்டு மணி முன்னால்தான். ஐரோப்பாவிலிருந்து வந்த கட்டுப்பாட்டுப் போர்டு மார்ச் மாதத்தின் கடைசி ஞாயிறு அன்று தானாக ஒரு மணி முன்னால் போகும், அக்டோபரின் கடைசி ஞாயிறு அன்று பின்னால் வரும். அமைப்புக்குள் போய் நேர வலயத்தை ஜோகன்னஸ்பர்க் என்று வையுங்கள், தானியங்கி மாற்றத்தை அணையுங்கள்.

மின்வெட்டு நாட்களில் மட்டும் முந்தினால் ஜெனரேட்டரைப் பாருங்கள். நேரடியாக மின்கம்பியில் ஓடும் சிங்க்ரனஸ் மோட்டார், மின்சாரத்தின் அதிர்வெண்ணைத்தான் நேரமாக எண்ணும். இங்கே அது 50 ஹெர்ட்ஸ். சின்ன ஜெனரேட்டர் 51-இல் ஓடினாலே கடிகாரம் மணிக்கு 72 நொடி முந்தும், இரண்டு மணி நேர வெட்டுக்கு இரண்டரை நிமிடத்துக்குக் கிட்டத்தட்ட. கடிகாரப் பகுதியை மட்டும் பேட்டரியில் ஓடும் குவார்ட்ஸ் பொறிக்கு மாற்றுவதுதான் நிரந்தர வழி.

போர்டில் நேரம் வைத்திருக்கும் சிப் இருந்தால் அது எது என்று பாருங்கள். டிஎஸ்3231 என்றால் ஆண்டுக்கு ஒரு நிமிட அளவுதான் விலகும். டிஎஸ்1307 போல வெளியே படிகம் வைத்த பழைய வகை, மாதத்துக்கே ஒரு நிமிடம் போல விலகலாம், வெயில் படும் இடத்தில் இன்னும் மோசம். மின்சாரம் போய் வரும்போதெல்லாம் நேரம் தொலைந்தால் நாணய பேட்டரி தீர்ந்துவிட்டது, மீட்டர் வைத்துப் பாருங்கள், 2.5 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் மாற்றுங்கள். மலிவான டிஎஸ்3231 போர்டுகளில் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் சுற்று ஒன்று இருக்கும், சாதாரண சிஆர்2032 பேட்டரிக்கு அது ஆகாது. அந்தச் சுற்றைத் துண்டித்துவிட்டுப் போடுங்கள்.

பெண்டுலம் கடிகாரத்துக்குக் கதை வேறு. எஃகுத் தண்டு கொண்ட பெண்டுலம் 10 டிகிரி சூடானால் நாளுக்கு ஏறத்தாழ 5 நொடி பிந்தும், பித்தளையானால் 8. நன்றாகக் காய்ந்த மரத்தண்டு சூட்டுக்கு அதிகம் அசையாது என்றாலும் நம் ஈரத்துக்கு நல்ல வார்னிஷ் இல்லாமல் விடாதீர்கள். ஒரு நொடிக்கு ஓர் ஆட்டம் ஆடும் பெண்டுலம் சுமார் 994 மில்லிமீட்டர் நீளம், கீழே இருக்கும் நட்டைத் திருகி குண்டை ஒரு மில்லிமீட்டர் ஏற்றினால் நாளுக்கு 43 நொடி வேகமாகும். அதனால் கால் சுற்று திருகிவிட்டு ஒரு முழு நாள் பொறுங்கள். இன்னொரு விஷயம், டர்பனில் கடல்மட்டத்தில் சரிபார்த்த பெண்டுலத்தை ஜோகன்னஸ்பர்க் கண்காட்சிக்குக் கொண்டுபோனால் நாளுக்கு ஏறத்தாழ அரை நிமிடம் பிந்தும். அங்கே உயரம் 1,700 மீட்டருக்கு மேல், ஈர்ப்பு சற்றுக் குறைவு. வண்டியில் ஏற்றும்போது அடிபட்டுவிட்டது என்று யாரையும் திட்ட வேண்டாம்.

டிக் டிக் சத்தம் நொண்டினால், அதாவது ஒரு டிக் நீளமாகவும் அடுத்தது குட்டையாகவும் கேட்டால், கடிகாரம் சாய்ந்திருக்கிறது. அடியில் மட்டம் பாருங்கள். மட்டம் சரியாக இருந்தும் நொண்டினால் பெண்டுலத்தைத் தள்ளும் கம்பியை மிக மெல்ல ஒரு பக்கம் வளைக்க வேண்டும். இப்படியே விட்டால் சில நாளில் நின்றுவிடும்.

மணி தப்பாக அடிக்கிறது

நாலு மணிக்கு ஏழு அடிக்கிறது. பழைய வகை எண்ணுசக்கரப் பொறி, முள் எங்கே நிற்கிறது என்று பார்க்காது, போன முறை எத்தனை அடித்ததோ அதற்கு அடுத்ததை அடிக்கும். யாராவது முள்ளைக் கையால் திருப்பி, மணியை அடித்து முடிக்க விடாமல் தாண்டிப் போயிருந்தால் அன்றிலிருந்து எல்லாமே தள்ளிப்போகும். மணியடிக்கும் நெம்பைக் கையால் தூக்கித் தூக்கி, முள் காட்டும் எண்ணுக்கு வரும்வரை அடிக்க விடுங்கள். படிச்சக்கரம் கொண்ட புதிய வகை ஒவ்வொரு மணிக்கும் எண்ணைப் புதிதாக அளந்துகொள்ளும், அது தப்பாக அடித்தால் மணிமுள்தான் தண்டில் நழுவியிருக்கிறது.

ஹைதராபாத் சாலார் ஜங் அருங்காட்சியகத்தில் மணி ஆகும்போது ஒரு சின்னத் தாடிக்காரர் வெளியே வந்து மணியடித்துவிட்டுப் போவதைப் பார்க்கக் கூட்டம் நெருக்கியடித்து நிற்கும். அப்படி மக்கள் விரல்விட்டு எண்ணிக்கொண்டு நிற்கிற இடத்தில் ஒரு மணி கூடக் குறைய அடித்தாலும் எல்லோருக்கும் தெரியும், அதனால் இந்தப் பழுதைத் தள்ளிப்போடாதீர்கள்.

கீச், கடகட, டொக்

கீச் என்றால் வறண்ட தண்டு. கடகட என்றால் பல் தேய்ந்த கியர், அல்லது இரண்டு கியருக்கும் இடைவெளி கூடிவிட்டது. ஒழுங்கான இடைவெளியில் டொக் டொக் என்றால் கேம்மேல், அதாவது சுழன்று பொம்மையை ஏற்றி இறக்கும் மேடுபள்ளத் தட்டின்மேல், ஓடும் உருளை ஒரு பக்கம் தட்டையாகிவிட்டது, உருளையை மாற்றினால் தீரும்.

எண்ணெய் விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். கடிகார எண்ணெய், தண்டின் முனை பித்தளைத் துளையில் உட்காரும் இடத்தில் ஒரு சொட்டு. கடிகாரப் பகுதியின் பற்களில் விடவே கூடாது, தூசியைச் சேர்த்து அரம் போல அரைக்கும். துருவைக் கழற்றும் ஸ்ப்ரே டப்பாவைக் கடிகாரத்தின் கிட்டேயே கொண்டுபோகாதீர்கள், அன்றைக்குச் சத்தம் நிற்கும், ஆனால் அது உலர்ந்து பிசினாகிப் பிடித்துக்கொள்ளும்.

மின்வெட்டுக்குப் பிறகு எல்லாம் தாறுமாறு

மின்சாரம் திரும்பி வரும் அந்தச் சில நொடிகளில் வோல்ட்டேஜ் ஏறி இறங்கும். போர்டு பாதி விழித்த நிலையில் தவறான கட்டளை கொடுக்கும், காவடிக்காரர் நடு ராத்திரியில் ஆடத் தொடங்குவார். மின்சாரம் வந்து சில நிமிடம் கழித்தே இணைப்பைக் கொடுக்கும் டைமர் பிளக் ஒன்றும், வோல்ட்டேஜ் பாய்ச்சலைத் தடுக்கும் காப்பும் போட்டால் இந்தத் தொல்லை பெரும்பாலும் போய்விடும். இன்வெர்ட்டரில் ஓட்டுவதாக இருந்தால் சுத்தமான சைன் அலை வகையாகப் பார்த்து வாங்குங்கள். மற்ற வகையில் மோட்டார் முனகிச் சூடாகும்.

பழுது மாதிரி தெரிவது, ஆனால் பழுது இல்லை

கேம்பிரிட்ஜில் 2008-இல் திறந்த கார்ப்பஸ் கடிகாரம் வேண்டுமென்றே தடுமாறும், தயங்கும், ஓடிப் பிடிக்கும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறைதான் சரியான நேரம் காட்டும். செய்தவர் அப்படி நினைத்துச் செய்தார். நம் கப்பல் அலையில் ஏறும்போது ஒரு கணம் தயங்கி, பிறகு சட்டென்று விழும். புதிதாகப் பார்க்க வந்த ஒரு மெக்கானிக் தம்பி, "அண்ணா, கேம்மை வழவழவென்று மாற்றித் தரட்டுமா, சீராக ஓடும்" என்று கேட்டான். நல்ல மனதோடுதான் கேட்டான். ஆனால் அந்தத் தயக்கத்தில்தான் கடல் இருக்கிறது, அதைச் சீராக்கினால் கப்பல் மிதக்காது, தண்டவாளத்தில் போகும். சிற்பி உயிரோடு இருந்தால் கேட்டுவிட்டுத்தான் எதையும் மாற்ற வேண்டும். இல்லை என்றால் உங்களிடம் இருக்கும் பழைய வீடியோதான் சாட்சி.

மாற்றித்தான் ஆக வேண்டிய பாகத்தைக் குப்பையில் போடாதீர்கள். தேதி, எந்த இடத்தில் இருந்தது, ஏன் கழற்றியது என்று எழுதிக் கட்டி வையுங்கள். ஸ்ட்ராஸ்பூர்க் தேவாலயத்தின் முதல் கடிகாரம் 14-ஆம் நூற்றாண்டில் செய்தது, கடிகாரம் என்றைக்கோ போய்விட்டது, அதன் மேலிருந்த சேவல் மட்டும் பத்திரமாக இருந்ததால் அந்தக் காலத்துக் கைவேலை எப்படி இருந்தது என்று இன்றும் அருங்காட்சியகத்தில் நேரில் பார்க்க முடிகிறது.

இசையும் ஆட்டமும் ஒத்துப்போகவில்லை

தவில் அடி விழும் இடத்தில் காவடி இன்னும் திரும்பவில்லை. குளிர்கால காலை முதல் ஆட்டத்தில் மட்டும் இப்படி என்றால் கிரீஸ் இறுகி மோட்டார் மெதுவாகப் போகிறது, கியர்ப்பெட்டியைக் கழுவிவிட்டு மெல்லிய கிரீஸ் போடுங்கள். எப்போதும் இப்படி என்றால் இசை தொடங்கும் இடமே தவறு. பல கடிகாரங்களில் மணி ஆனதும் இசைக்கும் மோட்டாருக்கும் ஒரே நேரத்தில் கட்டளை போகும்படி இணைத்திருப்பார்கள், மோட்டார் வேகம் சற்று மாறினாலும் இரண்டும் விலகும். இசையைத் தொடங்கும் ஸ்விட்சைக் கடிகாரப் பக்கத்திலிருந்து எடுத்து, ஆட்டத்தின் முக்கியக் கேம் தண்டிலேயே வையுங்கள், பொம்மை அந்த இடத்துக்கு வந்தால்தான் பாட்டு வரும். நீளமான இசையாக இருந்தால் இரண்டு மூன்று துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு ஸ்விட்ச் கொடுங்கள். துண்டுகளுக்கு நடுவே நாதஸ்வரம் மூச்சு எடுக்கும் இடமாகப் பார்த்து வெட்டினால் கேட்பவருக்குத் தெரியாது, அந்த இடங்களைக் குறித்துக் கொடுக்க ஒரு மேளக்காரரைக் கூப்பிட்டு உட்கார வையுங்கள்.